ஏர் டெக்கான்

ஏர் டெக்கான் என்பது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு 2003 முதல் 2008 வரை இயங்கிய இந்திய வானூர்தி நிறுவனம் ஆகும். இது இந்தியாவின் முதல் மலிவுக் கட்டண வானூர்தி நிறுவனமாகக் கருதப்படுகிறது. இதன் சேவைகள் சென்னை வானூர்தி நிலையத்தில் இருந்தும் இயங்கின. அந்நிலையத்தின் முனையங்கள் அமைந்துள்ள திரிசூலம் இன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது.

வரலாறு

இந்தியத் தரைப்படையில் இருந்து ஓய்வு பெற்ற கேப்டன் கோ. ரா. கோபிநாத், வாடகை உலங்கு வானூர்தி நிறுவனமான டெக்கான் ஏவியேசனின் ஒரு பிரிவாக 2003 இல் இதனைத் தொடங்கினார். முதலில் 48 இருக்கைகள் கொண்ட ஏடிஆர் 42 வகைச் சுழல்விசிறி வானூர்திகளும், பின்னர் 180 இருக்கைகள் கொண்ட ஏர்பசு ஏ320 வானூர்திகளும் பயன்படுத்தப்பட்டன. ஓவியர் ஆர். கே. லட்சுமணின் "சாமானிய மனிதன்" இதன் அடையாள உருவமாக விளங்கியது.

செயல்பாடு

ஒரே வகுப்பு இருக்கை, இருக்கை எண் இன்மை, உணவுக்குத் தனிக் கட்டணம், இணையவழிப் பயணச்சீட்டு ஆகியவற்றால் செலவு குறைக்கப்பட்டது. முன்பதிவு செய்வோர் சிலருக்கு ஒரு ரூபாய்க்கும் சீட்டு வழங்கப்பட்டது. சிறு வானூர்திகள் குறுகிய ஓடுபாதையிலும் இறங்கக்கூடியவை. ஆதலால் பிற நிறுவனங்கள் செல்லாத சிறு நகரங்களும் இணைக்கப்பட்டன. 2006 இல் சென்னை - தூத்துக்குடி சேவை தொடங்கப்பட்டது.

வீழ்ச்சி

எரிபொருள் விலையேற்றம் ஒருபுறம் இருக்க, 2005, 2006 ஆம் ஆண்டுகளில் ஸ்பைசுஜெட், கோஏர், இண்டிகோ ஆகியவை போட்டிக்கு வந்தன. செலவைவிடக் குறைந்த கட்டணத்தால் நட்டம் பெருகியது. 2007 இல் கிங்பிசர் நிறுவனத்தின் உரிமையாளரான யூபி குழுமம் 26 விழுக்காட்டுப் பங்குகளை 550 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அக்காலத்தில் வெளிநாட்டுச் சேவை நடத்த ஐந்தாண்டு உள்நாட்டு அனுபவம் தேவைப்பட்டது. டெக்கானுடனான இணைப்பின் மூலம் கிங்பிசர் அத்தகுதியைப் பெற்றது. 2008 இல் ஏர் டெக்கான் "கிங்பிசர் ரெட்" எனப் பெயர் மாறியது. கிங்பிசரின் சேவைகள் அனைத்தும் 2012 இல் நின்றன.

கோபிநாத் 2017 இல் இதே பெயரில் மீண்டும் தொடங்கிய வட்டாரச் சேவை, கொரோனா பெருந்தொற்றால் 2020 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது.

தாக்கம்

ஏர் டெக்கான் நிலைக்கவில்லை எனினும், அது அறிமுகப்படுத்திய மலிவுக் கட்டண முறை நிலைத்தது. இன்று இந்தியாவின் உள்நாட்டுப் பயணிகளில் பெரும்பாலோர் மலிவுக் கட்டண நிறுவனங்களிலேயே பறக்கின்றனர். கோபிநாத்தின் தன்வரலாற்றைத் தழுவி, கதைக்களத்தை மதுரை வட்டாரத்துக்கு மாற்றி, சுதா கொங்கரா இயக்கிய சூரரைப் போற்று (2020) திரைப்படம் சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது.