ஹோம் ஆடியோ: ஸ்பீக்கரா, ஆம்ப்ளிஃபயரா... அடுத்து எதை மாத்தணும்?

கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், 50 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்துவிட்டு 100 வாட்ஸ் வாங்கலாமா என்றுதான் பலரும் யோசிக்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். வாட்ஸ் இரண்டு மடங்கானால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தெரிய சுமார் 10 டெசிபல் வேணும். அதாவது 10 மடங்கு பவர், 500 வாட்ஸ்! ஆனால் 86 டெசிபல் சென்சிட்டிவிட்டி ஸ்பீக்கருக்குப் பதில் 89 டெசிபல் ஸ்பீக்கர் வைத்தால், பழைய ஆம்ப்ளிஃபயரிலேயே அந்த 3 டெசிபல் கிடைத்துவிடும். ஒலியின் தன்மையும் மாறும். அதனால் முதல் செலவு ஸ்பீக்கருக்குத்தான்.

அதுக்கும் முன்னாடி காசில்லாத வேலை ஒன்று இருக்கு. ஸ்பீக்கர் மூலைச் சுவரை ஒட்டி இருந்தால், பாஸ் 'கும்'மென்று இரைந்து பட வசனத்தையே அமுக்கிவிடும். கொஞ்சம் முன்னால் இழுத்து, ட்வீட்டர் காது உயரத்துக்கு வருமாறு வைத்துக் கேளுங்க. டைல்ஸ் தரை, வெறும் சுவர் என்றால் எதிரொலிக்கும். கனமான திரைச்சீலையும் ஜமக்காளமும் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

ஆம்ப்ளிஃபயரை எப்போ மாற்றலாம்? வழக்கமாகக் கேட்கும் சத்தத்திலேயே கரகரத்தால், அல்லது புதிதாக வாங்கும் 4 ஓம்ஸ் ஸ்பீக்கரை அது தாங்காது என்றால்.

விலை உயர்ந்த கேபிள்? ஹாலுக்குள் ஓடும் சில மீட்டருக்கு, போதுமான தடிமனுள்ள சாதாரண செம்பு வயரே போதும்.