குன்றை விட்டு இறங்கிய பேராலயம்

லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் சனிக்கிழமை காலை ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் சாலிஸ்பரி வந்துவிடும். ஊருக்கு வெளியிலிருந்தே பேராலயத்தின் ஊசிக்கோபுரம் கண்ணில் படும். 123 மீட்டர் உயரம். பிரிட்டனில் இதைவிட உயர்ந்த தேவாலயக் கோபுரம் இல்லை. ஆனால் பேராலயம் முதலில் இருந்தது இங்கே அல்ல. இரண்டு மைல் வடக்கே, ஓல்டு சாரம் என்ற சுண்ணாம்புக் குன்றின் மேல்.

குன்றின் மேல் வாழ்வு சுகமாக இல்லை. 1092-இல் பிரதிஷ்டை செய்த ஆலயத்தின் கூரையை ஐந்தே நாளில் புயல் பதம் பார்த்தது. எந்நேரமும் காற்று, தண்ணீருக்குத் திண்டாட்டம். போதாக்குறைக்கு, ஆலயமும் அரசனின் கோட்டையும் ஒரே மதிலுக்குள் இருந்ததால் சிப்பாய்களுக்கும் குருமார்களுக்கும் ஓயாத தகராறு. வெளியே ஊர்வலம் போய்த் திரும்பிய குருமார்களை ஒருமுறை வாசலிலேயே தடுத்துவிட்டார்கள் என்றொரு கதையும் உண்டு. கடைசியில் போப் மூன்றாம் ஹொனோரியஸிடம் முறையிட்டு இடம் மாற அனுமதி வாங்கினார்கள். 1220 ஏப்ரல் 28 அன்று, ஏவன் ஆற்றங்கரைப் புல்வெளியில் ஆயர் ரிச்சர்ட் பூர் அடிக்கல் நாட்டினார்.

முப்பத்தெட்டே ஆண்டுகளில், 1258-இல், பேராலயம் பிரதிஷ்டைக்குத் தயாராகிவிட்டது. அந்தக் காலத்துப் பேராலயங்கள் பலவற்றைக் கட்டி முடிக்கத் தலைமுறைகள் பிடித்தன. அதனால் ஒரே கட்டடத்தில் பல பாணிகள் கலந்து கிடக்கும். சாலிஸ்பரியிலோ தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கை வேலை போலத் தெரியும்.

சிக்கல் பின்னால் வந்தது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலில் போட்ட கணக்கில் இல்லாத கோபுரத்தையும் ஊசிமுனையையும் மேலே ஏற்றினார்கள். கூடுதல் சுமை சுமார் 6,500 டன். அஸ்திவாரத்தின் ஆழமோ ஏறத்தாழ 1.2 மீட்டர்தான். நடுவிலுள்ள பெரிய தூண்கள் பாரம் தாங்காமல் வளைந்திருப்பதை யாரும் கண்ணாலேயே பார்க்கலாம். 1668-இல் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் அளந்தபோது ஊசிமுனை முக்கால் மீட்டர் சாய்ந்திருந்தது. ஆனாலும் விழவில்லை. அடியிலுள்ள சரளைப் படுகையில் ஆற்று நீர் ஊறி நிற்கிறது. அந்த ஈரம் வற்றாதவரை படுகை இறுக்கம் குலையாது. தரைக்கல் ஒன்றைத் திறந்து, குச்சியை உள்ளே விட்டு நீர்மட்டம் பார்க்கும் வழக்கம் ஆலயத்தில் இன்றும் உண்டு.

பயணிகள் பெரும்பாலும் 1215-ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டா பிரதியையும், 1386 வாக்கில் செய்யப்பட்ட, முகப்பும் முள்ளும் இல்லாமல் மணி மட்டும் அடிக்கும் கடிகாரத்தையும் பார்த்துவிட்டு, 332 படி ஏறி இறங்கிக் கிளம்பிவிடுவார்கள். மேற்கே ஹார்ன்ஹாம் நீர்ப்புல்வெளி வரை நடப்பவர்கள் குறைவு. ஓவியர் கான்ஸ்டபிள் 1831-இல் வரைந்த பேராலய ஓவியத்தில் தெரிவது இந்தப் பக்கம்தான். பதினேழாம் நூற்றாண்டிலிருந்து இங்கே வாய்க்கால் வெட்டி, பனிக்காலத்தில் ஆற்று நீரைப் புல்லின் மேல் மெல்லிய படலமாக ஓடவிட்டார்கள். சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறிவரும் நீர் கடுங்குளிரிலும் அவ்வளவாகக் குளிராது. அதனால் புல் முன்கூட்டியே தழைத்துவிடும். பகலில் ஆடுகள் அதை மேயும். இரவில் அவற்றை மேட்டு வயலுக்கு ஓட்டிக் கிடை போடுவார்கள். வில்ட்ஷையரின் மெலிந்த மண்ணில் கோதுமை விளைந்தது இந்தக் கிடை எருவால்தான்.

கீழே ஊர் செழிக்க, மேலே ஓல்டு சாரம் காலியாகிக்கொண்டே வந்தது. பழைய ஆலயத்தின் கற்களைக்கூடக் கீழே கொண்டுவந்து பேராலய வளாகத்தின் மதிலுக்கு வைத்தார்கள். ஒன்று மட்டும் இறங்கவில்லை: நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் உரிமை. குடியிருக்க ஆளில்லாத மனைகளுக்கு வாக்கு இருந்தது; மனையை வைத்திருப்பவர் சொன்னவரே உறுப்பினர்.

1690-களில் அந்த நிலம் தாமஸ் பிட் கைக்கு வந்தது. 1698 முதல் 1709 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தவர் இவர்தான். அங்கே 48,000 வராகனுக்கு வாங்கிய வைரத்தை 1717-இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளரான ஆர்லியன்ஸ் கோமகனுக்கு 1,35,000 பவுனுக்கு விற்றார். அது இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இவருடைய பேரன் வில்லியம் பிட் 1735-இல் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது ஓல்டு சாரத்தின் உறுப்பினராகத்தான். பின்னாளில் பிரதமரும் ஆனார்.

புல் முளைத்த அந்தக் குன்றுக்கு இரண்டு இடங்கள் இருந்த காலத்தில், ஆலைகள் பெருகிய மான்செஸ்டருக்கு ஒன்றுகூடக் கிடையாது. 1832-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் ஓல்டு சாரத்தின் உரிமையைப் பறித்தது. மான்செஸ்டருக்கு இரண்டு உறுப்பினர்களைத் தந்ததும் அதே சட்டம்தான்.