வன்னி நாட்டுச் சிறுகுளக் கட்டு

மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம், வவுனிக்குளம் என வழங்கும் ஊர்ப்பெயர்களே வன்னிப் பெருநிலத்தின் வாழ்க்கை முறையை உணர்த்துவன. ஆண்டு முழுதும் வற்றாது ஓடும் பேராறு அந்நிலத்தில் இல்லை. வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மாரி மழையே அதன் முதன்மையான நீர்வளம். அம்மழைநீர் கடலைச் சேருமுன் அதனை மறித்துத் தேக்கும் மண்ணணையே குளக்கட்டு.

கட்டின் அமைப்பு எளிது. அதனைப் பேணுதலோ அரிது. தாழ்நிலத்தின் குறுக்கே மண்ணைக் குவித்து இறுக்குவர். துருசு வயலுக்கு நீர் விடும். வான் மிகுநீரை வெளியேற்றும். மேற்குளத்தினின்று வழியும் நீர் கீழ்க்குளத்தை நிரப்பும். ஆதலின், மேற்கட்டு உடையின் கீழுள்ள கட்டுகளுக்கும் கேடு நேரும். மரவேரும் கறையான் புற்றும் மண்ணைத் துளைப்பன. அலை அதனை அரிப்பது. ஆண்டுதோறும் திருத்தப்படாத கட்டு நெடுநாள் நில்லாது. அத்திருத்தம் யாருடைய கடமை என்பதே குளத்தின் வரலாற்றில் தலையாய வினா.

இலங்கையில் நிலவிய இராசகாரியம் என்னும் ஊழியமுறையை ஆங்கில அரசு 1832இல் ஒழித்தது. கட்டாய ஊழியம் நீங்கியது குடிகளுக்கு நன்மையே. ஆயின், குளம் பேணுதற்குத் தக்க மாற்று ஏற்பாடு உடன் வகுக்கப்படவில்லை. வறண்ட பகுதிகளிற் குளங்கள் பல சிதைந்தன. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் பழைய நீர் வழக்கங்களுக்கு மீண்டும் வலுவளித்தது. 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் அமைந்தது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் விதானைமார் வகித்த பொறுப்பைப் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் ஒப்படைத்தது. இன்று ஏறத்தாழ 200 ஏக்கருக்குட்பட்ட வயல்களுக்குப் பாயும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன.

2009இல் முடிவுற்ற போரின்போது மக்கள் இடம்பெயர, பேணுவாரற்ற கட்டுகள் பல பழுதுற்றன. மீள்குடியேற்றத்தின் பின்னர் அவற்றுட் பல புனரமைக்கப்பட்டன. எனினும், கட்டைத் திருத்துவதனால் மட்டும் குளம் பயன் தந்துவிடாது. சிறுபோகத்தில் நீர் குறைந்தவிடத்து, எத்துணை நிலம் விதைப்பது என்பதைக் கமக்காரர் கூடித் தீர்மானித்தல் வேண்டும். தலைவயலுக்குரியோர் தீர்மானத்தை மீறி விதைப்பாராயின், கடைவயற் பயிர் கருகிவிடும்.

பழைய கடமையொன்றை நீக்குவோர், அதனை இனி ஏற்பவர் யாவர் என்பதையும் உடன் வகுத்தல் வேண்டும். 1832இன் பின் சிதைந்த குளங்கள் உணர்த்தும் பாடம் இதுவே.