செவ்வாயில் மழை பெய்ய வைத்தவர்கள்

2022 இல், கரண்ட் எப்ப வரும் எப்ப போகும் எண்டு பட்டியல் பார்த்து வாழ்ந்த மாதங்களில, மடிகணினியின் பற்றரி முடியும்வரை நான் செவ்வாய்க் கிரகத்தில் இருந்தேன். விளையாட்டின் பெயர் 'சர்வைவிங் மார்ஸ்'. அங்கேயும் கரண்ட்தான் பிரச்சினை. இரவில் சூரியத் தகடு வேலை செய்யாது. சேமித்தது முடிந்தால் ஒட்சிசன் நிற்கும், கண்ணாடிக் கூடாரத்துக்குள்ள சனம் சாகும். இதையெல்லாம் தாண்டி, ஒரு நாள் முதல் மழை பெய்தது. நான் கதிரையை விட்டு எழும்பிட்டன். பிறகுதான் பார்த்தேன், அது நச்சு மழை. கஷ்டப்பட்டு முளைக்க வைத்த பச்சைக்குப் பக்கத்தில் நச்சுக் குட்டைகள் தேங்கி நின்றன.

ஒரு கிரகத்தை எங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றுகிற வேலையை விளையாட்டுகள் எப்படிக் கற்பனை செய்து வந்திருக்கின்றன எண்டு தேடத் தொடங்கியது அந்த மழைக்குப் பிறகுதான். இந்தக் கட்டுரையில் அதைப் 'புவியாக்கம்' என்றே எழுதுகிறேன்.

ஆங்கிலச் சொல்லுக்கு வயது எண்பதுக்கு மேல். 1942 இல் ஜாக் வில்லியம்சன் ஒரு விஞ்ஞானச் சிறுகதையில் அதைப் பாவித்தார். விஞ்ஞானிகள் பின்னால்தான் வந்தார்கள். 1961 இல் கார்ல் சேகன், வெள்ளியின் வளிமண்டலத்தில் பாசிகளைத் தூவினால் அவை காபனீரொட்சைட்டைத் தின்று கிரகத்தைக் குளிர்விக்கலாம் எண்டு 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதினார். அப்போது வெள்ளியின் தரையைத் தொட்ட கலம் எதுவும் இல்லை. பிறகு சோவியத்தின் வெனேரா கலங்கள் இறங்கின. தரையில் வெப்பம் 460 பாகை செல்சியஸ் அளவில், அமுக்கம் பூமியைப் போல கிட்டத்தட்ட 90 மடங்கு. பாசித் திட்டம் சரிவராது எண்டு சேகனே பிற்காலத்தில் ஒத்துக்கொண்டார். 1973 இல் அவர் செவ்வாய்க்கு வேறு யோசனை வைத்தார்: துருவப் பனியின் மேல் கரிய தூளைப் பரப்பினால் அது வெயிலை உறிஞ்சி உருகும். துருவத்தை உருக்குவது எண்ட இந்த எண்ணம் இன்றைக்கும் இந்த வகை விளையாட்டுகளில் ஒரு பட்டனாக உயிரோட இருக்குது.

ஒரு முழுக் கிரகத்தை முதலில் எங்கட கையில் தந்த விளையாட்டுகளில் முக்கியமானது 1990 இல் வந்த 'சிம்எர்த்'. 'சிம்சிட்டி' செய்த வில் ரைட்தான் இதையும் செய்தார். ஆலோசனை சொன்னவர் ஜேம்ஸ் லவ்லொக். பூமியில் உயிர்களும் காற்றும் கடலும் சேர்ந்து தங்களைத் தாங்களே சமநிலைப்படுத்திக்கொள்கின்றன என்ற கையா கருதுகோளின் தந்தை. ஆக, விஞ்ஞான உலகத்தில் சண்டை முடியாமல் இருந்த ஒரு கருத்தை எடுத்து விளையாட்டுக்கு எஞ்சினாகப் போட்டிருக்கிறார்கள். லவ்லொக்கும் அன்ட்ரூ வொட்சனும் 1983 இல் எழுதிய 'டெய்சி உலகம்' கூட அதில் இருந்தது. வெள்ளைப் பூக்கள் வெயிலைத் திருப்பி அனுப்பும், கறுப்புப் பூக்கள் உறிஞ்சும். சூரியன் சூடாகச் சூடாக வெள்ளைப் பூ கூடும், கிரகம் தன்ர வெப்பத்தைத் தானே பிடித்து வைத்திருக்கும். ஒருத்தரும் திட்டம் போடத் தேவையில்லை.

செவ்வாய், வெள்ளி இரண்டையும் வாழக்கூடியதாக்குவதும் அதில் தனித்தனிக் காட்சிகள். பனிக்கல்லை எறிந்து தண்ணி கொண்டுவரலாம், ஒட்சிசன் விடுகிற இயந்திரம், நைதரசன் விடுகிற இயந்திரம் எல்லாம் வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சக்தி செலவாகும். எல்லாம் சரியாய்ச் செய்தன் எண்டு நினைச்சுக்கொண்டு வேகத்தைக் கூட்டினால், கொஞ்ச நேரத்தில் கிரகம் வேறெங்கோ போய்விடும். ஏன் போச்சுது எண்டு கண்டுபிடிக்கிறது பெரும் பாடு. உண்மையைச் சொன்னால் விளையாட்டாகப் பார்த்தால் 'சிம்எர்த்' ஒரு அலுப்பு. ஆனால் அதில் ஒரு யன்னல் இருக்குது, கிரகத்துக்கு முகம் வைத்து, கண் மூக்கோட. நீங்கள் செய்கிறதுக்கு ஏற்ற மாதிரி அந்த முகம் சிரிக்கும், சுழிக்கும். பிறகு வந்த எத்தனையோ பளபளப்பான விளையாட்டுகளில் அந்த முகம் இல்லை.

அடுத்த வருடம், 1991 இல், கிறிஸ் மக்கே உட்பட மூன்று பேர் 'நேச்சர்' சஞ்சிகையில் செவ்வாயை வாழத்தக்கதாக்குவது பற்றி எழுதினார்கள். சூடாக்க நூறு வருடம் போதலாம், ஆனால் மனிதர் சுவாசிக்கிற அளவுக்குச் செடிகள் ஒட்சிசன் விட ஒரு இலட்சம் வருடம் அளவில் தேவை என்பது அவர்களின் கணக்கு. விளையாட்டு வடிவமைக்கிறவருக்கு இது பெரிய தலையிடி. ஒரு இலட்சம் வருடம் யார் இருந்து பட்டன் அமத்துறது?

என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் உச்சம் 1999. ஃபிரக்ஸிஸ் நிறுவனத்தின் 'சிட் மையர்ஸ் அல்ஃபா சென்டோரி'. பெட்டியில் சிட் மையரின் பெயர் இருந்தாலும் தலைமை வடிவமைப்பாளர் பிரயன் ரெனல்ட்ஸ். பூமியில் இருந்து போன கப்பல் உடைந்து, ஆட்கள் ஏழு கூட்டமாகப் பிரிந்து ஒரு கிரகத்தில் இறங்குகிறார்கள். இங்கே நிலத்தை உயர்த்தலாம், தாழ்த்தலாம், கடலை நிலமாக்கலாம். காற்று மேற்கில் இருந்து கிழக்குக்கு வீசுகிறது. மலையின் மேற்குச் சரிவில் மழை கொட்டும், கிழக்குச் சரிவு காய்ந்து கிடக்கும். நுவரெலியாவுக்குப் போய் அப்படியே ஊவாப் பக்கம் இறங்கின ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அப்ப என்ன நடக்கும்? உங்கட எல்லைக்குள்ள நீங்கள் ஒரு மலையை எழுப்பினால், கிழக்கில் இருக்கிறவனுடைய மழை உங்களுக்கு வரும். ஒரு குண்டு போடாமல் அவனைப் பட்டினி போடலாம்.

அதோட நிற்காது. அந்தக் கிரகத்தில் செம்பூஞ்சை மாதிரி ஒரு காடு இருக்குது. அதை வெட்டி, ஆழக் கிணறு தோண்டி, தொழிற்சாலை போட்டு மிதமிஞ்சிப் போனால் பூஞ்சை உங்கட தோட்டத்துக்குள்ளேயே வெடித்து முளைக்கும். அதுக்குள்ள இருந்து மனதைத் தின்னும் புழுக்கள் வரும். போகப் போக அந்தப் பூஞ்சைக்கே ஒருவகை அறிவு இருக்குது எண்டு தெரியவரும். வெறும் தரை எண்டு நினைச்சு இறங்கின இடம் வெறும் தரை இல்லை. கிரகம் சூடாகிக் கடல்மட்டமும் ஏறும். துருவப் பனியை உருக்குவதா, சூரிய ஒளியை மறைக்க விண்ணில் திரை போடுவதா எண்டு ஏழு தலைவர்களும் சபை கூட்டி வாக்கெடுக்க வேண்டும். கரையில் நகரம் வைத்திருக்கிறவர் ஒரு பக்கம், மேட்டில் இருக்கிறவர் மறுபக்கம். கியோட்டோ ஒப்பந்தம் கையெழுத்தாகி ஒன்றரை வருடம் கூட ஆகாத நேரத்தில் வந்த விளையாட்டு இது.

இடையில் ஒரு சொல் பற்றி. இந்த விளையாட்டுகளில் வருகிற 'கொலனி' என்பதற்குத் தமிழில் 'குடியேற்றம்' எண்டு எழுதவேணும். எழுதிவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். கல்லோயாவும் மகாவலியும் தெரிந்த ஒருத்தருக்கு அந்தச் சொல் அறிவிப்புப் பலகையும் நில அளவைக் கோலும் வாக்காளர் பட்டியலும் சேர்ந்து வருகிற சொல். செவ்வாயில் முன்னம் ஒருத்தரும் இருக்கவில்லை, அது வேறுதான். ஆனால் 'ஆருமில்லாத காணி' எண்டு வரைபடம் சொல்லுகிறபோது, வரைபடம் கீறினது ஆர் எண்டு கேட்கிற பழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு இடம் வைத்த விளையாட்டு 'அல்ஃபா சென்டோரி'.

அதுக்குப் பிறகு வந்தவை ஏனோ கணக்குப் புத்தகத்தின் பக்கம் போயின. 2016 இல் சுவீடனைச் சேர்ந்த யாக்கொப் ஃபிறிக்ஸேலியுஸ் வடிவமைத்த 'டெராஃபோர்மிங் மார்ஸ்' எண்ட பலகை விளையாட்டு வந்தது (கணினிக்கு 2018 இல்). அதில் கிரகம் மூன்று எண்கள்: ஒட்சிசன் 14 வீதம், வெப்பம் 8 பாகை, கடல் ஒன்பது. வெப்பம் மைனஸ் 30 இல் தொடங்கும். இந்த எண்களில் ஒன்றை நீங்கள் உயர்த்தினால் ஒவ்வொரு சுற்றிலும் உங்கட வருமானம் கூடும். விளையாடுகிறவர்கள் எல்லாம் கொம்பனிகள். நல்ல விளையாட்டு, விட்டு எழும்ப ஏலாது. ஆனால் கிரகம் ஒரு நாளும் மறுத்துப் பேசாது.

'சர்வைவிங் மார்ஸ்' பல்கேரியாவின் ஹேமிமொண்ட் நிறுவனம் செய்தது. 2018 மார்ச்சில் வந்தது. அப்போது அதில் புவியாக்கம் இல்லை, கூடாரத்துக்குள் தாக்குப்பிடிப்பதுதான் விளையாட்டு. அதே வருடம் யூலையில் புரூஸ் ஜகோஸ்கியும் கிறிஸ்டபர் எட்வட்ஸும் 'நேச்சர் அஸ்ட்ரொனொமி'யில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். துருவப் பனி, மண், பாறை எல்லாவற்றிலும் இருந்து இன்றைய தொழில்நுட்பத்தால் எடுக்கக்கூடிய காபனீரொட்சைட்டு, செவ்வாயின் அமுக்கத்தைச் சுமார் 20 மில்லிபாருக்குத்தான் கொண்டுவரும். இப்ப அது 6 அளவில். பூமியில் ஆயிரத்துக்கு மேல். ஆக, சூடாக்கப் போதுமான வாயு அங்கே இல்லை. ஒரு வருடம் போகமுதல், 2019 மேயில், 'கிறீன் பிளானட்' எண்ட இணைப்பு வெளியாகி, எங்கள் எல்லாருக்கும் புவியாக்கம் தந்தது. வளிமண்டலம், வெப்பம், நீர், தாவரம் எண்டு நான்கு பட்டைகள். நூறு வீதத்துக்கு ஏற்றவேணும். போதிய காற்று வந்ததும் கூடாரத்தின் கண்ணாடியைத் திறக்கலாம். அந்தத் தருணத்தை நான் குறை சொல்ல மாட்டன், அழகு.

ஆனால் ஒரு விசயம். காந்தப்புலம் உண்டாக்குகிற கட்டடம் கட்டாவிட்டால், சேர்த்த காற்று கசிந்துகொண்டே இருக்கும், பட்டை கண்முன்னே இறங்கும். நாசாவின் மேவன் கலம் இந்தக் கசிவை உண்மையிலேயே அளந்திருக்கிறது. 2015 இல் அறிவித்த கணக்கில், சூரியக் காற்று செவ்வாயில் இருந்து பிடுங்கிச் செல்வது செக்கனுக்கு 100 கிராம் அளவில். இந்த வேகத்தில் இப்ப இருக்கிற மெல்லிய காற்று முடியவே நூற்றுக்கணக்கான கோடி வருடம் வேணும். விளையாட்டில் சில நாட்களுக்குள் தெரிகிறது. பிழை எண்டு நான் சொல்லேல்லை. ஒரு இலட்சம் வருடத்தை ஒரு சனிக்கிழமைக்குள் அடக்கினால், கசிவையும் அதே மாதிரி வேகப்படுத்தத்தான் வேணும், இல்லாட்டி ஆபத்து எண்டு ஒன்று இருக்காது.

இந்தக் காலச் சிக்கலுக்கு எனக்குப் பிடித்த விடை 2020 டிசெம்பரில் ஆர்ஜென்டீனாவில் இருந்து வந்தது. 'பெர் ஆஸ்பெரா'. செய்தவர்கள் ட்லோன் இண்டஸ்ட்ரீஸ், போர்ஹேஸின் கதையில் இருந்து எடுத்த பெயர். அதில் நீங்கள் மனிதர் இல்லை, செவ்வாயை மாற்ற அனுப்பப்பட்ட ஒரு செயற்கை அறிவு. பொறுமைக்குக் குறைவில்லை. தரை செவ்வாயின் உண்மையான நில அமைப்பைக் கொண்டு செய்தது. பனியை உருக்கினால் தண்ணி பள்ளத்தைத் தேடிப் போகும். நான் முதல் தடவை விளையாடினபோது வசதியான சமதரை எண்டு தாழ்ந்த நிலத்தில்தான் சுரங்கமும் ஆலையும் வீதியும் போட்டிருந்தன். கடல் வந்தது. நான் மணித்தியாலக் கணக்காக வரவேண்டும் எண்டு ஏங்கின கடல். ஒவ்வொரு கட்டடமாக மூழ்கிச்சுது. பிழை என்ர தான், வரைபடத்தில் உயரம் ஆரம்பத்தில் இருந்தே எழுதியிருந்தது.

இப்ப திரும்பவும் 'அல்ஃபா சென்டோரி'தான். இருபத்தைந்து வருடத்துக்கு மேற்பட்ட விளையாட்டு எண்டதால் பழைய மடிகணினியிலும் ஓடும். ஒரே கணினியில் மாறி மாறி இருவர் விளையாடலாம். போன மாதம் நண்பன் ஒருவனுடன் இரவிரவாக இருந்தோம். அவன் எனக்குக் கிழக்கே. முதல் மணித்தியாலத்திலேயே நான் எல்லையோரமாக ஒரு மலைத்தொடரை எழுப்பத் தொடங்கிவிட்டேன். 'பாதுகாப்புக்கு' எண்டு சொன்னன், அவனும் நம்பினான். இரண்டு மணிபோல, தேத்தண்ணி ஊத்தப் போன என்னைக் குசினிக்குள்ள தேடி வந்தான்.

"மச்சான், ஒரு விசயம் கேக்கிறன், உண்மையச் சொல்லு. என்ர பக்கம் ஏன்டா மழையே இல்லை?"

நான் சீனி போடவா எண்டு கேட்டேன்.