கலாபவனம்: ஓவியமும் கைவினையும் ஒரே கூரையின்கீழ்

சாந்திநிகேதன் என்றவுடன் தாகூரின் கவிதையும் மரத்தடி வகுப்புகளுமே நம் நினைவில் எழுகின்றன. அங்கே 1919இல் தோன்றிய கலாபவனத்தையும் ஓவியர்களின் பள்ளியாகவே அறிந்திருக்கிறோம். பயன்கலைக் கல்வியின் வரலாற்றில் அதற்குரிய இடத்தை நாம் போதிய அளவு பேசியதில்லை.

ஆங்கிலேயர் காலத்துக் கலைப்பள்ளிகள் (1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் சென்னையில் தொடங்கியதும் அவற்றுள் ஒன்று) கைவினைஞரைப் பயிற்றுவதையே முதல் நோக்கமாகக் கொண்டிருந்தன. ஓவியன் வேறு, வினைஞன் வேறு என்னும் பிரிவினை அவற்றின் வழியே வலுப்பெற்றது என்பது நம் கருத்து. 1921இல் உருக்கொண்ட விசுவபாரதியோ மிகச் சிறிய பல்கலைக்கழகம். கலாபவனத்தை வழிநடத்திய நந்தலால் போஸ் அப்பிரிவினையை ஏற்கவில்லை. வங்கப் பெண்கள் நோன்பு நாட்களில் அரிசிமாவுக் கரைசலால் தரையில் இடும் ஆல்பனா அங்கே பாடமாயிற்று. (நம் மாக்கோலத்தை எந்தக் கல்லூரி பாடமாக்கிற்று?) மணிமேகலை பேசும் சாவகத்தின் பாத்திக் சாயக்கலை, பிரதிமா தேவி முதலானோரின் முயற்சியால் அம்மண்ணில் வேரூன்றியது. 1922இல் அருகே எழுந்த ஸ்ரீநிகேதனில் நெசவும் தோல்வேலையும் வளர்ந்தன.

இக்கல்வியின் பயனை இரண்டு பணிகளில் காணலாம். 1938இல் குஜராத்தின் ஹரிபுராவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுப் பந்தலை அணிசெய்யக் காந்தி நந்தலாலை அழைத்தார். உழவர், தச்சர், தையற்காரர், மத்தளம் கொட்டுவோர் என ஊர்மக்களையே அவர் பட்டை பட்டையான கோடுகளில், எளிய வண்ணங்களில், தாளில் தீட்டினார். அவற்றைப் படியெடுத்துப் பெருக்கியவர்கள் மாணவர்கள். கண்காட்சிக் கூடத்துக்கன்று, வழிநடப்போரின் கண்ணுக்கே அவை தீட்டப்பட்டன. அடுத்தது, இந்திய அரசமைப்புச் சட்டத்தின் கையெழுத்துப் படி. அதன் பக்கங்களை நந்தலாலும் மாணவர்களும் அணிசெய்தனர். சாரநாத் சிங்கத்தூணை வரைய அமர்த்தப்பட்ட இளைஞர் தீனாநாத் பார்கவா, உயிருள்ள சிங்கத்தின் முகபாவம் அறியக் கல்கத்தா விலங்குக் காட்சிசாலைக்குச் சென்று வந்தார். நாட்டின் முதன்மை ஆவணத்துக்குப் பணிபுரிவதையே பாடமாகப் பெற்ற மாணவர்கள் வேறெங்கே இருந்தனர்?

1951இல் விசுவபாரதி மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. நிதியும் நிலைபேறும் கிட்டின. ஆயினும் ஆசிரியரின் வேலையிலேயே மாணவன் பங்குகொண்டு கற்கும் முறையைப் பாடத்திட்டத்தில் எழுதிவைப்பது எளிதன்று. அம்முறையைத் தம்மோடு எடுத்துச் சென்றவர்களுள் கே.ஜி. சுப்பிரமணியன் குறிப்பிடத்தக்கவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்று, விடுதலைப் போரில் சிறைசென்று, அரசுக் கல்லூரிகளின் கதவடைக்கப்பட்ட நிலையில் 1944இல் கலாபவனம் புகுந்தவர் அவர். பின்னர்ப் பரோடாவில் ஆசிரியரானார். கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பணி ஆற்றினார். மாணவர்களோடு கலைச்சந்தைக்குப் பொம்மைகள் செய்தார். 1980இல் கலாபவனத்துக்கே பேராசிரியராகத் திரும்பினார். அவ்வளாகத்துக் கட்டடமொன்றின் வெளிச்சுவர்களில் அவர் கறுப்பு வெள்ளையில் தீட்டிய உருவங்கள், வகுப்புக்குச் செல்லும் மாணவர்களின் வழியிலேயே நிற்கின்றன.