வளையும் பரப்புகளில் தொடு உணர்வூட்டல்

வளையும் பரப்புகளில் தொடு உணர்வூட்டல் என்பது, மடியும் திரை, ரப்பர் தகடு, துணி, தோலில் ஒட்டும் பட்டை போன்ற இளகிய பரப்புகளைத் தொடும் விரலுக்கு அதிர்வையோ சொரசொரப்பையோ மேடு பள்ளத்தையோ மின்சாரத்தால் உண்டாக்கிக் காட்டும் தொழில்நுட்பம். ஹேப்டிக்ஸ் எனப்படும் தொடு உணர்வு இயலின் ஒரு கிளை இது. விரல் எங்கே பட்டது என்பதைத் தொடுதிரை தெரிந்துகொள்கிறது. விரலுக்கோ எந்த எழுத்தைத் தொட்டாலும் அதே கண்ணாடிதான். பழைய பொத்தான் செல்பேசியில் 5 என்ற எண்ணின் மேலிருந்த சிறு மேட்டைத் தடவி, பார்க்காமலேயே எண் போட்டவர்களுக்கு இழந்தது என்னவென்று தெரியும்.

இன்றைய கைபேசி அந்தக் குறையை ஓரளவு மறைக்கிறது. உள்ளே ஒரு சிறு எடையைக் காந்தச் சுருள் உதறுகிறது. கைபேசி விறைப்பான பொருள் என்பதால் உதறல் முழு உடலிலும் பரவி விரலை எட்டுகிறது. வளையும் பரப்பில் இந்த உபாயம் செல்லாது. பறையை நெருப்பில் காய்ச்சி விறைப்பாக்கிய பிறகே அடிப்பார்கள். தொய்ந்த தோலில் அதிர்வு ஓடாது. மெல்லிய ரப்பர் தகட்டின் ஓரத்தில் மோட்டாரைப் பொருத்தினால், நடுவில் இருக்கும் விரலுக்கு எட்டுமுன் தகடே அந்த அதிர்வை விழுங்கிவிடும். ஆகவே உணர்வு வேறெங்கிருந்தும் வர முடியாது, பரப்பே அதைத் தர வேண்டும்.

விரலின் பங்கு

ஒரு கையின் உள்ளங்கையிலும் விரல்களிலும் சுமார் 17,000 தொடு உணர்விகளின் நரம்பிழைகள் இருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். அவற்றுள் நான்கு வகை. பசீனியன் உறுப்புகள் நொடிக்கு 200 முதல் 300 வரையிலான அதிர்வுகளில் மிகக் கூர்மையாக இருக்கும். மைஸ்னர் உறுப்புகள் அதைவிட மெதுவான படபடப்பையும் பிடி நழுவுவதையும் கவனிக்கும். ரூஃபினி முனைகள் தோல் இழுபடுவதை அறியும். ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஃபிரெட்ரிக் மெர்க்கெல் 1875-ல் விவரித்த மெர்க்கெல் செல்கள் விளிம்பையும் நீடித்த அழுத்தத்தையும் உணரும். 2013-ல் ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் 13 நானோமீட்டர் உயரமே உள்ள சுருக்கங்களைக்கூட விரல் வழவழப்பான பரப்பிலிருந்து பிரித்தறிவதாகக் கண்டனர். இத்தனை கூரிய கருவியை ஏமாற்றுவதுதான் இத்துறையின் வேலை. ஏமாற்றுதல் என்ற சொல் இங்கே இகழ்ச்சியில்லை. திரைப்படமும் கண்ணை ஏமாற்றுவதுதான்.

வழிகள்

அழுத்தினால் மின்சாரமும், மின்சாரம் தந்தால் அசைவும் தரும் படிகங்களைக் கியூரி சகோதரர்கள் 1880 முதல் ஆராய்ந்தனர். இன்று பெரிதும் பயன்படும் பீங்கான் வகைக்கு வலு உண்டு, வளைத்தால் நொறுங்கும். 1969-ல் ஜப்பானியர் ஹெய்ஜி கவாய் கண்டறிந்த பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக் ஏடு சுருட்டினாலும் உடையாது, ஆனால் அதன் அசைவு சொற்பம்.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எஸ்ஆர்ஐ ஆய்வகத்தினர் வேறொரு வழி காட்டினர். ரப்பர் ஏட்டின் இருபுறமும் மின்சாரம் கடத்தும் பசையைப் பூசி, எதிரெதிர் மின்னூட்டம் கொடுத்தால் இரு பூச்சுகளும் ஒன்றையொன்று இழுக்கும். நடுவிலுள்ள ரப்பர் நசுங்கி, உள்ளங்கைகளுக்கு நடுவே அழுத்திய மாவுருண்டை போலப் பக்கவாட்டில் விரியும். இருமடங்குக்கும் மேல் விரிந்ததாக அவர்கள் காட்டினர். இதற்கு ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும் என்பதே தடை.

திரவத்தையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவின் டாக்டஸ் நிறுவனம் 2012-ல் காட்டிய திரையில், மேலேயுள்ள இளகிய ஏட்டின் அடியில் நுண்கால்வாய்கள் வழியாகத் திரவம் ஏறும். தேவைப்படும்போது விசைகள் கொப்புளம்போல் எழும், வேலை முடிந்ததும் அடங்கும். அழகான யோசனை, ஆனால் கொப்புளங்களின் இடம் முன்பே முடிவானது. 2019-ல் அமெரிக்கப் பொறியாளர் ஜான் ரோஜர்ஸ் குழுவினர் தோலில் ஒட்டும் சிலிக்கோன் பட்டையில் 32 சிறு அதிர்விகளைப் பதித்து, பேட்டரியின்றிக் கம்பியில்லா மின்சாரத்தால் இயக்கினர். செயற்கைக் கை பொருத்தியவருக்கு, பிடித்த பொருளின் வடிவத்தை மேற்கையில் உணர்த்த அது உதவியது.

இத்துறையில் காப்புரிமைகள் மண்டிக் கிடக்கின்றன. 1993-ல் தொடங்கிய இம்மர்ஷன் நிறுவனம் அதிரும் விளையாட்டுக் கைப்பிடிகளுக்காக 2002-ல் சோனி, மைக்ரோசாஃப்ட் இரண்டின்மீதும் வழக்கு தொடுத்தது. 2006-ல் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 3-ன் முதல் கைப்பிடியில் அதிர்வே இல்லை. சோனி மீதான வழக்கு மறு ஆண்டு சமரசத்தில் முடிந்தது.

மின் ஒட்டுதலும் சென்னையும்

வளையும் பரப்புக்கு மிகவும் பொருந்துவது, அசையும் பாகமே இல்லாத மின் ஒட்டுதல் முறை. எர்த் சரியில்லாத வீட்டில் சார்ஜரில் செருகிய உலோக மடிக்கணினியை விரலால் மெல்லத் தடவியவர்களுக்கு அந்த நமநமப்பு தெரிந்திருக்கும். விரலை நிறுத்தினால் அது போய்விடும். எட்வர்டு மாலின்கிராட் என்ற அமெரிக்கர், பித்தளை விளக்குத் தாங்கி ஒன்று விளக்கு எரியும்போது வழவழப்புக் குறைந்து தோன்றுவதைத் தற்செயலாகக் கவனித்தார், அவரும் சக ஆய்வாளர்களும் 1953-ல் அதை ஆய்வுக் கட்டுரையாக்கினர். நடப்பது இதுதான்: உலோகத்துக்கும் விரலின் உள்ளிருக்கும் ஈரத்திசுவுக்கும் இடையில் மெல்லிய காப்புப் பூச்சு, மின்னழுத்தம் ஏறும்போது விரல் பரப்பை நோக்கி இழுக்கப்படுகிறது, உராய்வு கூடுகிறது. மின்னழுத்தம் நேராக இருந்தாலும் எதிராக இருந்தாலும் இழுப்பே என்பதால், நொடிக்கு 100 சுழற்சி கொண்ட மாறுமின்சாரம் விரலில் 200 அதிர்வுகளாகத் தெரியும்.

2010-ல் டிஸ்னி ஆய்வகத்தின் டெஸ்லாடச் இதைத் தொடுதிரைக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் இத்திசையில் நடந்த முக்கிய வேலை சென்னை ஐஐடியில், பேராசிரியர் எம். மணிவண்ணனின் தொடு உணர்வு ஆய்வகத்தில் நடந்தது. அங்கிருந்து வளர்ந்த மெர்க்கெல் ஹேப்டிக்ஸ் என்ற நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய ‘ஐ-டேட்’ திரை 2022-ல் செய்திகளில் இடம்பெற்றது. விரல் செல்லும் பாதையைத் திரை பின்தொடர்ந்து, அந்தந்த இடத்தில் உராய்வை மென்பொருளால் மாற்றுகிறது. படத்திலுள்ள விளிம்பு தட்டுப்படும், மணல் மணலாகப்படும். இணையக் கடையில் துணியைத் தடவிப் பார்த்து வாங்கலாம் என்பது அவர்கள் சொன்ன பயன்களுள் ஒன்று. புடவைக் கடையில் முந்தானையை விரலிடுக்கில் கசக்கிப் பார்க்கும் கைகளுக்கு அது போதுமா என்பது வேறு கேள்வி. கசக்கும்போது துணி மடிகிறது, மீள்கிறது. தட்டைத் திரை உராய்வை மட்டுமே மாற்றும். துணியோடு சேர்ந்து மடிகிற பரப்பின் தேவை இங்கேதான் தெரிகிறது.

மடியச் செய்வதில் முதல் சிக்கல், திரைகளில் வழக்கமாகப் பூசும் இண்டியம் வெள்ளீய ஆக்சைடு. ஒளி புகும், மின்சாரம் கடத்தும், ஆனால் திரும்பத் திரும்ப வளைத்தால் விரிசல் விடும். வெள்ளி நுண்கம்பி வலையும் மின் கடத்தும் பாலிமரும் அந்த இடத்துக்கு வருகின்றன.

இரண்டாவது சிக்கல் பூச்சில் இல்லை, விரலில் இருக்கிறது. மேல்தோலின் காய்ந்த அடுக்கு காப்புப் பூச்சோடு சேர்ந்து தானும் ஒரு காப்பாக நிற்கிறது. அது தடித்தால் இழுப்புக் குறையும். ஜவ்வாது மலையில் சாமை அறுத்து, புளி உடைத்து, கடுக்காய் பொறுக்கிக் காய்த்துப்போன கைகளுக்கும், குளிரூட்டிய ஆய்வகத்தில் சோதனைக்கு அமரும் மாணவரின் கைகளுக்கும் ஒரே திரை ஒரே உணர்வைத் தராது. அதே மலையிலுள்ள ஜமுனாமரத்தூரின் மார்கழிக் காலைக் குளிரில் வறண்ட தோலும், சென்னையின் வியர்த்த தோலும்கூட ஒன்றல்ல. வியர்வை ஈரம் உராய்வையே மாற்றிவிடும். விரலின் நிலையை அளந்து, மின்னழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் திரைதான் மலைக்கும் நகரத்துக்கும் பொதுவாக இருக்க முடியும். இயந்திரத்தின் பாதி விரல் என்பதை மறந்த வடிவமைப்பு கண்காட்சியோடு நின்றுவிடும்.

பார்வையற்றோரும் பிரெய்லும்

இத்தொழில்நுட்பம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கு இன்னும் பழைய முறையே துணை. மின் ஒட்டுதலுக்கு விரல் நகர வேண்டும் என்பது பிரெய்லுக்குத் தடையில்லை, அதைப் படிப்பவர் விரலை நகர்த்தியபடியேதான் படிக்கிறார். தடை வேறு. பிரெய்ல் புள்ளிகளுக்கு இடையே ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர்தான். உராய்வு மாற்றமோ பெரும்பாலான திரைகளில் விரல்நுனி முழுவதுக்கும் ஒன்றாகவே கிடைக்கிறது. ஓர் எழுத்தின் ஆறு புள்ளிகள் தனித்தனியே தெரியாது. அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் ஊசி எழுந்து அடங்கும் பிரெய்ல் கருவிகளே புழக்கத்தில் உள்ளன. ஊசிக்கு ஊசி தனி இயக்கி வேண்டும் என்பதால் விலை அதிகம். டெல்லி ஐஐடியில் உருவாகி 2019-ல் வந்த ‘டாட்புக்’ இந்தியாவில் செய்த அத்தகைய கருவி. வரிக்கு 20 எழுத்துக் கட்டங்களும் 40 கட்டங்களும் கொண்ட வடிவங்கள் அதற்கு உண்டு.

இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951-ல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்லில் உயிர்மெய் பிரித்து எழுதப்படும். ‘கொ’ என்பதற்கு அச்சில் எழுத்தின் இருபுறமும் குறி வரும். பிரெய்லில் ஒரு கட்டத்தில் க, அடுத்ததில் ஒ. அதனால் 20 கட்ட வரியில் நீண்ட தமிழ்ச் சொற்கள் இரண்டு மூன்றே அடங்கும். வரி முடிந்ததும் விரல் பொத்தானை அழுத்தும். ஊசிகள் அடங்கி, அடுத்த வரி எழும்.