தன்னார்வலர் எவருக்கும் மாற்றாள் அல்லர்: மனநலச் சேவையில் தோழமைத் துணையின் இடம்

நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனநலச் சிக்கல் உள்ளோரில் உரிய சிகிச்சை கிடைக்காதவர்கள், நோயின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 விழுக்காடு வரை இருக்கிறார்கள். இந்தப் பற்றாக்குறை பேசப்படும் இடங்களில் ஒரு தீர்வும் உடனே முன்வைக்கப்படுகிறது: மருத்துவர்களும் சமூகப் பணியாளர்களும் போதவில்லை, நல்ல மனம் படைத்தவர்களுக்கோ பஞ்சமில்லை, ஆகவே தன்னார்வலர்களைக் கொண்டு நிரப்பலாம் என்பது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. தன்னார்வலரின் பணி செலவு குறைந்த சிகிச்சை அன்று. சேவை பெறுபவரின் உறவு வட்டத்தில் ஓர் ஆளைக் கூட்டுவது. இவ்விரண்டையும் குழப்பினால் சிகிச்சையும் கெடும், தோழமையும் கெடும்.

தோழமைத் துணை என்று இங்கே குறிப்பது, நெடுநாள் மனநோயுடன் வாழ்பவரை ஒருவர் தவறாமல் சந்தித்துப் பேசுவதையும் அவருடன் வெளியே போய் வருவதையும். பிரிட்டனில் சென்ஸ்கியும் அவர் குழுவினரும் செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து உட்கொண்டும் அறிகுறிகள் அடங்காத மனச்சிதைவு நோயாளிகள் 90 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. மறு பிரிவுக்கு விளையாட்டு, பொழுதுபோக்கு, நாட்டுநடப்பு என்று வெறும் பேச்சுத் துணை. ஒன்பது மாத முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தேறியிருந்தனர். அடுத்த ஒன்பது மாதத்தில் சிகிச்சை பெற்றவர்களின் முன்னேற்றம் தொடர்ந்தது; மற்றவர்களுடையது தொடரவில்லை. பேச்சுத் துணை தந்தவர்களும் தேர்ந்த மனநலச் செவிலியர்களே என்பதை மறக்கக் கூடாது. பேச்சுக்குப் பலன் உண்டு. ஆனால் அது சிகிச்சையின் பலன் அன்று.

டப்ளினில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு இன்னும் கூர்மையான கேள்வியை எழுப்புகிறது. அதில் பங்கேற்ற 107 பேருக்கும் வெளியே போய்வர மாதம் 20 யூரோ தரப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாக ஒரு தன்னார்வத் துணை. முடிவில் இரு பிரிவினரிடமும் முன்னேற்றம் தெரிந்தது. பிரிவுகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தன்னார்வலர் தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்வது அவசரம். ஆனால் கையில் காசில்லாதவரின் தனிமையை மனநோயின் கணக்கில் மட்டுமே எழுதிவிடுகிறோம் என்பதை இது உணர்த்துகிறது. டீக்கடையில் ஒவ்வொரு முறையும் தன்னார்வலரே காசு கொடுத்தால், நாளடைவில் அது தோழமையாக இராது, தருமமாகிவிடும். "இன்னைக்கு நான் தர்றேன்" என்று சேவை பெறுபவர் சொல்லும் நிலை வர, அவர் சட்டைப்பையில் பத்து ரூபாய் வேண்டும். அதைத் தர வேண்டியது ஓய்வூதியமும் வேலைவாய்ப்பும்.

பிரிட்டனில் பிரீபும் குழுவினரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு தன்னார்வலரின் சரியான இடத்தைக் காட்டுகிறது. மனநோயுடன் வாழும் 124 பேரில் ஒரு பிரிவினருக்கு ஓராண்டுக்குத் தன்னார்வத் துணை ஏற்பாடு செய்யப்பட்டது. அன்றாடச் செயல்களில் அவர்கள் செலவிட்ட நேரம் மற்றப் பிரிவினரைவிடக் கூடவில்லை. கூடியது ஒன்றுதான்: பழகும் மனிதர்களின் எண்ணிக்கை. துணை முடிந்து ஆறு மாதம் கழித்தும் அந்த வேறுபாடு நிலைத்தது.

தன்னார்வலர் சிகிச்சைக்கு மாற்றாக மாட்டார் என்பதை ஜிம்பாப்வேயின் ஹராரே நகரைக் காட்டி மறுக்கலாம். டிக்சன் சிபாண்டா 2006இல் தொடங்கிய 'நட்பு பெஞ்ச்' திட்டத்தில், மருத்துவமனை வளாகத்து மர பெஞ்சில் அமர்ந்து, மனச்சோர்வுற்றவர்களுக்குச் சிக்கல்களைப் படிப்படியாகத் தீர்க்கும் முறையைப் பாட்டிமார் கற்றுத் தந்தனர். 24 சுகாதார நிலையங்களில் 573 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வு, அதற்குத் தெளிவான பலன் இருப்பதைக் காட்டியது. ஆனால் அந்தப் பாட்டிமார் நகரச் சுகாதாரத் துறையுடன் இணைந்து, பயிற்சியும் மேற்பார்வையும் பெற்றுப் பணியாற்றிய சமூக நலப் பணியாளர்கள். மருத்துவப் பட்டம் பெறாதவரும் சிகிச்சையில் பங்கேற்கலாம் என்பதற்கே ஹராரே சான்று. பயிற்சியும் மேற்பார்வையும் வேண்டாம் என்பதற்கு அன்று.

சிகிச்சைக்கும் தோழமைக்கும் உள்ள இந்த வேறுபாடு தமிழ்நாட்டில் ஏன் முக்கியம்? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியின் மனநலக் காப்பகம் ஒன்றில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. அதன் 19ஆம் பிரிவு சமூகத்தில் வாழும் உரிமையைத் தந்தது. 'தி பேன்யன்' என்ற மனநலத் தொண்டு அமைப்பு 2015இல் தொடங்கிய திட்டத்தில், நெடுநாள் காப்பகத்தில் இருந்தவர்கள் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் சிறு குழுக்களாகக் குடியேறினர். வீட்டைச் சட்டமும் நிதியும் தரலாம். பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தனுப்பும் அண்டை வீட்டாரை எந்த அரசாணையாலும் தர முடியாது. தன்னார்வலரின் இடம் அங்கேதான். சென்னையில் 1986இல் தொடங்கிய 'ஸ்நேகா', தற்கொலை எண்ணத்துடன் வருவோரின் பேச்சைச் செவிமடுக்கத் தன்னார்வலர்களைப் பயிற்றுவித்தே அமர்த்துகிறது. எல்லை வகுத்த தொண்டு நீடிக்கும் என்பதற்கு அது நம்மூர்ச் சான்று.

எனவே மனநலத் திட்டங்கள் நான்கு நெறிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். சம்பளப் பணியிடம் காலியாக இருக்கும்போது அங்கே தன்னார்வலரை அமர்த்தக் கூடாது. துணை வேண்டுமா, யார் வேண்டும் என்பதைச் சேவை பெறுபவரே முடிவு செய்ய வேண்டும். சந்திப்புகள் எப்போது முடியும் என்பதைத் தொடக்கத்திலேயே இருவரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்; சொல்லாமல் நின்றுபோகும் துணை, கைவிடப்பட்டவரை மறுபடியும் கைவிடுகிறது. தன்னார்வலருக்குப் பேருந்துக் கட்டணமும், ஐயம் வந்தால் கேட்க ஓர் அலுவலரும் இருக்க வேண்டும். இவை இல்லாத இடத்தில் தன்னார்வத் தொண்டு, அரசின் கடமைத் தவறுக்குப் போர்த்திய பொன்னாடையே.